அத்தானின் ரெட்டைக்குழல்

எங்கள் பக்கத்துப் பெரிய மிராசுதார் வீடுகளில் நான்கு சாமான்கள் தவறாமல் இருக்கும். கூடத்தில் ஊஞ்சல், ரேழி தாண்டினால் பத்தாயம், சுவரில் மணியடிக்கும் கடிகாரம், உள் அறை பீரோவில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி. முதல் மூன்றையும் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் தொட்டுப் பார்க்கலாம். நான்காவதை வீட்டுக்காரர் மட்டும்தான் தொடுவார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதை வெளியே எடுத்து, துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டுத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் போட்டு, அரிவாள், கொழு, கணக்கு நோட்டுகளோடு வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்கள். மறுநாள் மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

இப்போது ஒலிம்பிக்கில் சுடுகிறவர்கள் வைத்திருப்பது ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் இருக்கிற வகை. நான் சொல்வது இரண்டு குழலும் ஜோடி மாடு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பழைய வகை. இரண்டு விசை இருக்கும். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. வலது குழலிலிருந்து வரும் ஈயக்குண்டுகள் சீக்கிரம் பரவும். இடது குழலின் வாய் கொஞ்சம் குறுகல், அதனால் குண்டுகள் தூரத்துக்கு நெருக்கமாகப் போகும். பறவை கிட்டே எழும்பினால் முதல் விசை, தப்பித்துத் தூரம் போனால் இரண்டாவது விசை. "பன்னிரண்டு போர்" என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை என்ன அகலமோ, அதுதான் குழலின் அகலம். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் சில வருஷம் துப்பாக்கி லைசென்ஸ் பைல்கள் என் மேஜைக்கு வந்தன. லைசென்ஸ் கொடுப்பது கலெக்டர். கீழே விசாரித்து அறிக்கை எழுதுவது எங்களைப் போன்றவர்கள் வேலை. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்த பிறகு, இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கலாம். விண்ணப்பத்தில் எல்லாரும் எழுதும் காரணம் ஒன்றேதான்: "சொத்துப் பாதுகாப்பு." களத்து நெல்லைத் திருடன் கொண்டுபோவான் என்று எழுதுவார்கள். நான் பார்த்த பைல்களில் ஒன்றில்கூட ஒரு திருடனும் சுடப்படவில்லை. துப்பாக்கி வெளியே வருவதெல்லாம் தேர்தல் நேரத்தில்தான். தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிவு வந்ததும் திரும்ப வாங்க வேண்டும். பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி என்று வரிசையாக வந்த வருஷங்களில் துப்பாக்கிகள் வீட்டில் இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்த நாள்தான் அதிகம் என்று ஒரு மிராசுதார் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ஆனால் அந்தக் காலத்தில் அவை சும்மா இருக்கவில்லை. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசியிலிருந்து தை வரை உள்ளான் வரும். வடக்கே குளிர் நாடுகளிலிருந்து நம்ம ஊர்ச் சேற்றுக்கு வருகிற சின்னப் பறவை. நீள மூக்கு, வைக்கோல் நிறம், பக்கத்தில் போகிறவரை தெரியாது. திடீரென்று காலடியில் எழும்பி இடமும் வலமும் கோணிக் கோணிப் பறக்கும். அதைச் சுடுவதுதான் திறமைக்குச் சோதனை என்று வெள்ளைக்காரத் துரைகள் நினைத்தார்கள்; அவர்களைப் பார்த்து நம்ம மிராசுதார்களும் கற்றுக்கொண்டார்கள். சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் கடையிலேயே அப்போது துப்பாக்கியும் விற்றார்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு விளையாட்டுக்காக வேட்டையாடுவது என்பதே அடியோடு நின்றுபோனது. அதுவும் நல்லதுதான். இன்றைக்கு வடுவூர் ஏரிக்கு நாம் பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற பறவைகள், அன்றைக்குக் கறிச்சட்டிக்குப் போன அதே இனம்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நம்ம பக்கத்தில் துப்பாக்கி என்பது பறவைக்கு மட்டும் அல்ல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். கூலி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அன்று அந்தத் தெருவுக்கு வந்தவர்கள் கையில் துப்பாக்கிகளும் இருந்தன. அது நடந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அதற்கப்புறம் பல வருஷம், ஒரு மிராசுதார் வீட்டுச் சுவரில் துப்பாக்கியைப் பார்க்கும்போது ஊஞ்சலையும் கடிகாரத்தையும் பார்க்கிற மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரியப்பா மகளைக் கட்டிய அத்தானுக்கு இப்போது 82 வயது. அரசலாற்றங்கரைக் கிராமம். அவருடைய அப்பா வாங்கிய ரெட்டைக்குழல், இங்கிலாந்தில் பர்மிங்காமில் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் கம்பெனி செய்தது. அக்கா போய்விட்டாள். பையன் அமெரிக்காவில், வட கரோலினாவில். பெண் திருச்சியில் காலேஜில் பாடம் எடுக்கிறாள். போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி நெருங்கியது. டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். கண்ணில் இரண்டு பக்கமும் புரை எடுத்தாயிற்று, கை லேசாக நடுங்குகிறது. "இனி எனக்கு எதுக்கு மாப்ளே? ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

கொடுத்துவிடலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஆகிவிட்டால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ தாமதம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் கடைசியாக இருந்த பசுவை விற்ற அன்றைக்கும் அதே குரலில்தான் பேசினார்.

பழைய தொழில் புத்தி எனக்கு. 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளை எடுத்துப் படித்தேன். லைசென்ஸ்தாரர் 70 வயது தாண்டியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அத்தானுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. பையன் ஊரில் இல்லை. "பாப்பா பேருக்குக் கேட்டா என்ன அத்தான்?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பொம்பளைப் புள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டு, "அவ வேணாம்னுடுவா" என்றார்.

அவளிடம் கேட்டேன். "வீட்டுல வச்சுக்க மாட்டேன் மாமா. ஆனா அப்பா இருக்கறப்பவே அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல போட்டுட்டு வர்றதும் வேணாம்" என்றாள். லைசென்ஸ் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றைக் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சிக்காகத்தான் பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சுடுதளத்துக்குப் போனோம். அத்தானுடைய லைசென்ஸ் அப்போது இன்னும் இரண்டு மாசம் உயிரோடு இருந்தது. அதனால் துப்பாக்கியைப் பிரித்துப் பெட்டியில் வைத்து, அசல் லைசென்ஸோடு காரில் ஏற்றினோம்.

காரில் நான்கு பேர். அத்தான், பெண், நான், அத்தான் வீட்டோடு அறுபது வருஷமாக இருக்கிற ஒரு பெரியவர். அவருடைய அப்பா அந்தப் பண்ணையில் ஆள். இவரும் அங்கேதான் வளர்ந்தார். பிறகு பஞ்சாயத்தில் தண்ணீர் மோட்டார் ஓட்டி ஓய்வு பெற்றார். அத்தான் உள்ளான் சுடப் போன காலத்தில் தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் பின்னால் போனவர் இவர். விழுந்த பறவையை முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்து வந்தவரும் இவரே.

தஞ்சாவூர் தாண்டி, கல்லணைக் கால்வாயைத் தாண்டினால் பச்சை குறைந்துகொண்டே வரும். கந்தர்வகோட்டை வரும்போது செம்மண்ணும் முந்திரியும்தான். புதுக்கோட்டைக்கும் துப்பாக்கிக்கும் பழைய உறவு. 1948 மார்ச் 3 இல் இந்தியாவோடு சேர்ந்த சமஸ்தானம் அது. அந்தத் தொண்டைமான் குடும்பத்தில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான்தான் 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோரோடு சேர்ந்து டிராப் குழுப் போட்டியில் தங்கம் வாங்கினார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். பறக்கும் தட்டைச் சுடுவது நம் நாட்டில் ராஜாக்கள் ஆரம்பித்த விளையாட்டு. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962 இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர், ஐந்து ஒலிம்பிக் பார்த்தவர்.

சுடுதளம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பொட்டல் மண், தகரக் கொட்டகை, தண்ணீர்ப் பானை, தூரத்தில் கருவேலங்காடு. பயிற்சியாளர் முன்னாள் ராணுவக்காரர். முதல் வேலையாக அத்தானின் துப்பாக்கியை வாங்கி, குழலைக் கழற்றி, அடியில் இருந்த முத்திரைகளைக் கண்ணாடி வைத்துப் படித்தார். பர்மிங்காமில் 1813 இலிருந்து ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. அங்கே விற்பனைக்கு வருமுன் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். பழைய துப்பாக்கிகள் கரி மருந்துக்காகச் செய்தவை. இன்றைய புகையில்லா மருந்துக்கு வேறு முத்திரை வேண்டும். தோட்டா உட்காரும் அறையும் பல பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் இரண்டரை அங்குலம்தான். அதில் இப்போது கடையில் கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டால் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் தாத்தா துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தானுடையதில் புகையில்லா மருந்துக்கான முத்திரை இருந்தது, அறை இரண்டேமுக்கால் அங்குலம் என்று பொறித்தும் இருந்தது. பயிற்சியாளர் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உள்ளே கண்ணாடி மாதிரி இருக்குங்கய்யா. யார் துடைக்கறது?" என்று கேட்டார். அத்தான் பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற பெரியவரைக் கை காட்டினார்.

களிமண் புறா என்று சொல்கிறார்களே, அதில் களிமண் கிடையாது. தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து அச்சில் வார்த்த தட்டு. 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. கையில் எடுத்தால் கவிழ்த்த அகல்விளக்கு மாதிரி இருக்கிறது. முன்னே உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து விட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. அதற்கும் இருபது வருஷம் முன்பே, 1880 இல் அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி இந்தத் தட்டைக் கண்டுபிடித்திருந்தார். ஒலிம்பிக் டிராப்பில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் தட்டு பறக்கும். ஸ்போர்ட்டிங் க்ளேஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. தோப்பு, மேடு, குளக்கரை என்று இடத்துக்கு இடம் நடந்து போய்ச் சுட வேண்டும். ஓரிடத்தில் தட்டு முயல் மாதிரி தரையில் உருண்டு ஓடும், இன்னோரிடத்தில் வாத்து மாதிரி நெட்டுக்குத்தாக எழும்பும். உயிரைக் கொல்லாமல் வேட்டையின் கஷ்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பெண்ணுக்குச் சங்கத்துத் துப்பாக்கியில் பயிற்சி. விரலை விசைக்கு வெளியே வைப்பது, குழலை யார் பக்கமும் திருப்பாமல் இருப்பது, திறந்து காட்டிய பிறகே கை மாற்றுவது என்று ஒரு மணி நேரம். அதற்கப்புறம் அத்தானைக் கூப்பிட்டார் பயிற்சியாளர். தட்டு வீசும் மிஷினின் வேகத்தைக் குறைத்து, பத்துத் தோட்டா எடுத்து வைத்தார். பெண் அவர் காதில் மூடியை மாட்டிவிட்டாள்.

முதல் தட்டு தப்பியது. இரண்டாவதும் மூன்றாவதும் தப்பின. நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. பழைய துப்பாக்கியின் உதை தோளைப் பின்னுக்குத் தள்ளியபோது அவர் ஒரு கால் பின்வாங்கியதைப் பார்த்து எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பயிற்சியாளர் பக்கத்தில் வந்து, "தட்டைப் பாத்துச் சுடாதீங்கய்யா, அது போகப்போற இடத்தைச் சுடுங்க. சுட்டப்புறமும் குழல் நிக்கக்கூடாது, ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார். அப்போது பின்னாலிருந்து பெரியவர் குரல்: "மூக்குக்கு முன்னாடி ரெண்டு முழம்னு பெரியய்யா சொல்லுவாங்களே."

பெரியய்யா என்றால் அத்தானின் அப்பா. அத்தான் திரும்பிப் பார்த்தார். அடுத்த தட்டு எழும்பியது. சத்தம் கேட்டது, தட்டு கறுப்புத் தூளாக விரிந்து கொட்டியது. பத்தில் மூன்று உடைந்தன. போட்டியில் இது ஒன்றுமே இல்லை. அவர் துப்பாக்கியைத் திறந்து, காலித் தோட்டாவை எடுத்து, வெகுநாள் பழக்கத்தில் முகர்ந்து பார்த்தார். பிறகு உட்கார நாற்காலி கேட்டார்.

அமெரிக்காவிலிருந்து பையன் வீடியோவில் வந்தான். அவன் இருக்கும் பக்கத்தில் சான்ஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே பக்கக்குழல் துப்பாக்கிகளுக்கென்றே வசந்த காலத்தில் ஒரு தட்டுச் சுடும் போட்டி நடத்துகிறார்களாம். ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான். "நம்ம துப்பாக்கி மாதிரியே வரிசையா வச்சிருந்தாங்கப்பா. கிரீனர்னு சொன்னவுடனே ஒரு தாத்தா என்கிட்ட அரை மணி நேரம் பேசினாரு" என்றான். அத்தானுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். அங்கே அவை வெறும் பழம்பொருள். செய்நேர்த்தியைப் பார்த்து ரசிக்கலாம்.

சாப்பிடும்போது நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சின்னப் புள்ளையில இந்தச் சத்தம் கேட்டா எங்க தெருவுல கதவைச் சாத்திடுவாங்க சார். பறவைக்கா, வேற எதுக்கானு தெரியாதுல்ல. நான் பையைத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் எங்கம்மா வாசல்லயே நிக்கும், நான் திரும்பி வர்றவரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்குத்தான் இதை பயமில்லாம கேட்டேன்" என்றார்.

அத்தான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் பெரியவருக்குக் கை கழுவச் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஐம்பது வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், இதை நான் பார்த்ததில்லை. பெரியவர் முதலில் கையை இழுத்துக்கொண்டார், பிறகு நீட்டினார்.

திரும்பும்போது பெண்தான் முடிவைச் சொன்னாள். லைசென்ஸ் வந்தால் துப்பாக்கியை அவள் வீட்டில் வைக்கப் போவதில்லை. வியாபாரியிடம் முறைப்படி பாதுகாப்பில் வைத்துவிட்டு, வருஷத்தில் இரண்டு மூன்று முறை தட்டு சுட எடுப்பாள். லைசென்ஸ் வராவிட்டால் ஒப்படைத்துவிடலாம், அழ வேண்டியதில்லை. "ஆயுத பூஜைக்கு?" என்று அத்தான் கேட்டார். "அதுக்குத்தான் உங்க பேனா, என் லேப்டாப் எல்லாம் இருக்கேப்பா" என்றாள். தஞ்சாவூர் வருகிறவரை அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பெரிய கோவில் கோபுரம் தெரிந்ததும், "சரி, உன் இஷ்டம்" என்றார்.

விண்ணப்பம் போட்டாயிற்று. போலீஸ் விசாரணை முடிந்தது. பைல் மேலே போயிருக்கிறது. லைசென்ஸ் காலம் முடியுமுன்பே துப்பாக்கியை வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே யாருக்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். அவர் காலத்துக்குப் பின் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் ஒப்படைக்காவிட்டால் அது குற்றம். துக்க வீட்டில் அந்த நினைப்பு யாருக்கும் வராது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

சுடுதளத்தில் உடையாமல் விழுந்த தட்டு ஒன்றைப் பெரியவர் பேரனுக்குக் கொடுக்க என்று வேட்டியில் முடிந்து கொண்டுவந்தார். போன வாரம் அத்தானைப் பார்க்கப் போனபோது அது திண்ணை மாடத்தில் இருந்தது. பேரன் விளையாட்டு அலுத்துப் போட்டுவிட்டானாம். அத்தான் அதில் ஊதுபத்திச் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தார்.